மடிக்கணினி வாங்குதலும் காத்திருத்தலும்

"பொறுத்தார் பூமியாள்வார்" என்பது எம் முன்னோர் மொழி. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பதும் அவர் மொழியே. ஒன்று பொறுமையைப் போற்றுகின்றது. மற்றொன்று தாமதத்தைப் பழிக்கின்றது. இவ்விரண்டினுள் எதனை எப்பொழுது மேற்கொள்வது என்று அறிதலே விவேகம். அவ்விவேகம் இன்று பெரிதும் வேண்டப்படும் இடங்களுள் ஒன்று மடிக்கணினி வாங்குமிடம்.

உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவரின் பெற்றோர், பழைய மாணவராகிய எம்மவரை ஒன்றுகூடலிலும் கோயில் வீதியிலும் கண்டு அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தம்பிக்கு ஒரு மடிக்கணினி வாங்கவேண்டும். இப்பொழுதே வாங்கலாமா? அடுத்த வருடம் இதைவிட நல்லது வரும் என்கிறார்களே, பொறுத்து வாங்கலாமா?" இக்கேள்வி சிறிதாகத் தோன்றினும் சிறிதன்று. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அதனுள் அடங்கியுள்ளது. ஒரு முறை வாங்கினால் நான்கைந்து ஆண்டுகளுக்கு மறுமுறை வாங்குதல் பலருக்கு இயலாது. தவறி வாங்கினால் அத்தவறு மாணவனின் படிப்புக்காலம் முழுவதும் அவன் மடிமீதே இருக்கும். வாங்காது காத்திருந்தாலோ, காத்திருந்த மாதங்களின் படிப்பு மீண்டு வாராது. ஆதலால் இதனை ஆற அமர ஆராய்தல் தகும்.

புதியது வருதற்குக் காரணம்

ஆண்டுதோறும் புதிய கணினி வருதற்கு ஓர் அடிப்படை உளது. 1965 ஆம் ஆண்டிலே அமெரிக்க விஞ்ஞானியாகிய கோர்டன் மூர் என்பார், ஒரு சிலிக்கன் சில்லிலே அடக்கத்தக்க உறுப்புக்களின் தொகை ஆண்டுக்கு இரு மடங்காகி வருவதை எடுத்துக் காட்டினார். 1975 இல் அதனைத் திருத்தி, இரண்டாண்டுக்கு இரு மடங்கு என வரையறுத்தார். அவர் கூறியது இயற்கை விதியன்று. கைத்தொழிலின் போக்கைக் கண்டு சொல்லிய கணிப்பேயாம். எனினும் அத்தொழிலார் அதனையே தம் குறிக்கோளாகக் கொண்டு உழைத்தமையால் அது நெடுங்காலம் பலித்தது. 1971 இல் வெளிவந்த இன்ரெல் 4004 என்னும் செயலியில் ஏறக்குறைய 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020 இல் வெளிவந்த அப்பிள் எம்1 என்னும் சில்லிலே இருந்தவை 1,600 கோடி.

இத்தகைய வளர்ச்சியைக் கண்டவர்க்கு, "காத்திருந்தால் நல்லது வரும்" என்ற நம்பிக்கை தோன்றுதல் இயல்பே. ஆயின் அந்நம்பிக்கைக்கு இரண்டு வரம்புகள் உள.

முதலாவது, உறுப்புக்கள் இரு மடங்காதலும் வேகம் இரு மடங்காதலும் ஒன்றல்ல. இந்நூற்றாண்டின் தொடக்கம் வரை செயலியின் துடிப்பு வேகம் ஆண்டுதோறும் தாவி ஏறியது. அதன் பின்னர் வெப்பம் தடையாய் நின்றது. துடிப்பை மேலும் விரைவுபடுத்தினால் சில்லு தாங்கொணாதபடி சூடேறுமாதலின், ஒரு செயலிக்குள்ளேயே பல கருக்களை அமைக்கும் வழியை உற்பத்தியாளர் மேற்கொண்டனர். நான்கு கருக்கள் உள்ள கணினி, நால்வர் சேர்ந்து கிணறிறைப்பதை ஒக்கும். பகிர்ந்து செய்யத்தக்க வேலையாயின் விரைவில் முடியும். பகிர இயலாத வேலையாயின் ஒருவர் இறைக்க மூவர் பார்த்து நிற்பர்.

இரண்டாவது, காத்திருத்தற்குரிய காரணம் ஒருபொழுதும் தீர்ந்துபோவதில்லை. இவ்வாண்டு காத்திருப்பவனுக்கு அடுத்த ஆண்டும் அதே காரணம் இருக்கும். அடுத்ததற்கு அடுத்தது எப்பொழுதும் சிறந்ததாகவே சொல்லப்படும். "நல்லது வரும்" என்பது மட்டுமே காரணமாயின், அக்காரணத்தின்படி எவரும் எக்காலத்திலும் ஒரு கணினியும் வாங்கலாகாது.

ஒரு கம்பனியை வீழ்த்திய காத்திருப்பு

காத்திருப்பின் வலிமையைக் காட்டும் சரித்திரம் ஒன்று எம்மவர் அறிந்திருக்க வேண்டியது. பகவான் இரமண மகரிஷிகளைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதிய ஆதர் ஒஸ்போர்ன் என்பாரை இச்சஞ்சிகையின் வாசகர் பலர் அறிவர். இரண்டாம் உலகப் போரின்போது அவர் யப்பானியரின் சிறையிலே பாங்கொக்கில் இருக்க, அவர்தம் மனைவியும் மக்களும் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். அம்மக்களுள் ஒருவரான அடம் ஒஸ்போர்ன், தமிழ் மண்ணிலே இளமைக் காலத்தைக் கழித்துப் பின்னர் அமெரிக்கா சென்று, கணினித் துறையில் நூலாசிரியராகவும் பதிப்பாளராகவும் பெயர்பெற்றார். உலகில் முதன்முதல் வணிக வெற்றி கண்ட கையிற் கொண்டுசெல்லத்தக்க கணினியை 1981 இல் வெளியிட்டவர் அவரே.

ஒஸ்போர்ன் 1 எனப்பட்ட அக்கணினியின் நிறை ஏறக்குறைய 11 கிலோகிராம். தையல் இயந்திரப் பெட்டி போன்ற அதனுள்ளே 5 அங்குலத் திரை ஒன்றே இருந்தது. நினைவகம் 64 கிலோபைட். விலை 1,795 டொலர். எழுதுதற்கும் கணக்கிடுதற்கும் வேண்டிய மென்பொருள்களும் அவ்விலையிலேயே அடங்கியமையால் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். மடிமீது வைக்கத்தக்க கணினிக்கு வழிகாட்டியாய் நின்ற பொருள் அது எனலாம்.

1983 இல், அதனினும் மேலான கணினிகள் அக்கம்பனியிலிருந்தே வரவிருக்கின்றன என்ற செய்தி, அவை கடைக்கு வருமுன்னரே பரவிற்று. வாங்க நினைத்தோர், "சிறிது பொறுத்துப் புதியதையே வாங்குவோம்" என்று கையை மடக்கிக்கொண்டனர். கடைக்காரர் தாம் கேட்டிருந்த பழைய கணினிகள் வேண்டாவென்றனர். புதியது உரிய காலத்தில் போதிய அளவு வரவில்லை, பழையதோ விற்கவில்லை. 1983 செப்ரெம்பரில் அக்கம்பனி முறிவு கோரி நீதிமன்றம் சென்றது. வரப்போகும் பொருளைப் பற்றிய அறிவிப்பு இருக்கும் பொருளின் விற்பனையைக் கெடுத்தலை இன்றும் வணிக நூலார் "ஒஸ்போர்ன் விளைவு" என்றே வழங்குவர்.

அக்கம்பனியின் வீழ்ச்சிக்கு இஃதொன்றே காரணமன்று என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. 1982 இல் கேப்ரோ என்னும் போட்டிக் கணினி அதே 1,795 டொலருக்கு 9 அங்குலத் திரையோடு வந்தது. ஐ.பி.எம். கணினியோடு ஒத்தியங்கும் கணினிகளும் சந்தையைப் பற்றத் தொடங்கின. இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கினால் வாங்குவோர்க்கு ஒரு பாடம் கிடைக்கும். கேப்ரோவை வாங்கியவன் கடையிலே கண்ணாற் கண்ட பெரிய திரைக்காகப் பணம் கொடுத்தான். ஒஸ்போர்னின் அடுத்த கணினிக்காகக் காத்திருந்தவனோ, காதாற் கேட்ட சொல்லுக்காகத் தன் வேலையைத் தள்ளிவைத்தான்.

காத்திருந்து பெற்றோரும் இழந்தோரும்

அங்ஙனமாயின் காத்திருத்தல் என்றும் பேதைமையோ எனின், அன்று. காத்திருந்தோர் பெரும்பயன் பெற்ற காலங்களும் உண்டு.

2020 மார்ச்சு மாதத்தில் அப்பிள் கம்பனி இன்ரெல் செயலியோடு கூடிய மக்புக் எயர் ஒன்றை 999 டொலருக்கு வெளியிட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், இனித் தன் கணினிகளுக்குத் தானே வடிவமைத்த சில்லுகளைப் பயன்படுத்தப் போவதாகவும், முதற் கணினி அவ்வாண்டு முடிவதற்குள் வருமென்றும் அறிவித்தது. நவம்பரில் எம்1 சில்லோடு வந்த மக்புக் எயரின் விலையும் 999 டொலரே. முன்னையதிலே குளிரூட்டும் விசிறி இருந்தது. பின்னையதற்கு விசிறியே வேண்டியிருக்கவில்லை. வேகமும் மிகுந்தது; பற்றரி தாங்கும் நேரமும் மிகுந்தது. யூன் அறிவிப்பைக் கேட்டு ஐந்து மாதம் பொறுத்தவன் அதே பணத்திற்கு மிக மேலான பொருளைப் பெற்றான்.

2017 ஆம் ஆண்டிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. அதுவரை மெல்லிய மடிக்கணினிகளுக்குரிய இன்ரெல் செயலிகளில் இரண்டு கருக்களே இருந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் வெளியான எட்டாந் தலைமுறைச் செயலிகளில் அவை நான்காயின. இதன் முழுப்பயன் பின்னரே விளங்கிற்று. 2021 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11, சிற்சில விலக்கு நீங்கலாக, இன்ரெல் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை ஏற்றுக்கொள்ளவில்லை. விண்டோஸ் 10 இற்குரிய பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு முடிவுற்றது. எனவே 2017 இன் முற்பகுதியில் ஏழாந் தலைமுறைக் கணினி வாங்கியவனுக்கும், சில மாதம் கழித்து எட்டாந் தலைமுறை வாங்கியவனுக்கும் இடையே, கணினியின் ஆயுளிலேயே வேற்றுமை உண்டாயிற்று. ஆயினும் அதனை 2017 இல் எவரும் முன்கூட்டிக் கணித்துக் காத்திருக்கவில்லை. அது விவேகத்தின் பயனன்று, அதிர்ஷ்டத்தின் பயனே.

இனி, புதியதற்குக் காத்திருந்து நொந்தோரையும் கூறுவாம். 2016 இன் இறுதியில் அப்பிள் வெளியிட்ட மக்புக் புரோ மெலிவும் அழகும் உடையது. ஆனால் அதன் விசைப்பலகை, சிறிது தூசி புகுந்தாலும் எழுத்து விழாமலோ இரட்டித்து விழுந்தோ தொல்லை கொடுப்பதாகப் பலரும் முறையிட்டனர். எச்.டி.எம்.ஐ. துளையும் நினைவட்டைத் துளையும் நீக்கப்பட்டமையால், தனி இணைப்பிகளைச் சுமந்து திரியவேண்டியதாயிற்று. 2018 இல் அக்கம்பனி இலவசமாக விசைப்பலகை திருத்தும் திட்டத்தை அறிவித்தது. 2019 இன் இறுதியில் பழைய முறை விசைப்பலகைக்கு மீண்டது. நீக்கிய துளைகளை 2021 இல் மறுபடியும் வைத்தது. புதியது என்பதெல்லாம் மேலானது ஆகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவ்வெடுத்துக்காட்டுக்களிலிருந்து காத்திருத்தற்குரிய இலக்கணத்தை வகுக்கலாம். வரப்போகும் பொருளை அதன் உற்பத்தியாளரே பகிரங்கமாக அறிவித்திருத்தல் வேண்டும். வெறும் ஊர்வாய்ப் பேச்சு போதாது. அது சில மாதங்களுள் வருவதாதல் வேண்டும். அதில் வரும் மாற்றம் எம் வேலையைத் தொடுவதாதல் வேண்டும். காத்திருக்கும் காலத்திற்கு வேலை நடத்தத்தக்க பழைய கணினியொன்று கையில் இருத்தலும் வேண்டும். இந்நான்கும் கூடினாற் காத்திருக்க; ஒன்று குறையினும் காத்திருத்தல் வீண் என்க. 2020 யூனில் இவை நான்கும் கூடிய ஒருவன் காத்திருந்தது தகும். பல்கலைக்கழகம் அடுத்த மாதம் தொடங்க, வீட்டில் ஒரு கணினியும் இல்லாத மாணவன் காத்திருத்தல் தகாது.

வேகத்தை நிறுத்தல்

அடுத்து, எதனை வாங்குவது என்பது. வேகம், வசதி, விலை என்னும் மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தல் வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பலரும் செய்யும் பிழை, செயலி ஒன்றையே நோக்குதல். கணினி தாமதிப்பது எதனால் என்று முதலில் அறிதல் வேண்டும். ஜீன் அம்தால் என்னும் கணினி அறிஞர் 1967 இல் எடுத்துரைத்த கருத்தொன்று இங்கே உதவும். ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவுதான் விரைவாக்கினாலும், மற்றைப் பகுதி பழையபடி நின்றால் மொத்தப் பயன் சிறிதே என்பது அதன் சாரம்.

ஓர் உதாரணம் காட்டுவாம். பழைய கணினியொன்றில் ஒரு மென்பொருள் திறப்பதற்கு 10 விநாடி செல்கின்றது எனக் கொள்க. அதில் 8 விநாடி வன்தட்டிலிருந்து தகவல் எடுப்பதிலும், 2 விநாடி செயலியின் வேலையிலும் கழிகின்றன. செயலியை இரு மடங்கு வேகமுடையதாக மாற்றினால் 2 விநாடி 1 ஆகும். மொத்தம் 9 விநாடி. செயலியை அப்படியே விட்டு, வன்தட்டுக்குப் பதிலாகப் பத்து மடங்கு விரைவாய்த் தகவல் தரும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்தினால் 8 விநாடி 0.8 ஆகும், மொத்தம் 2.8 விநாடி. முன்னையது பெருஞ்செலவு, பின்னையது சிறு செலவு. பயனோ தலைகீழ்.

இக்கணக்கு கற்பனையாயினும் அதன் அடிப்படை உண்மையே. வன்தட்டு சுழலும் தட்டு ஆகையால், வேண்டிய இடத்தைத் தேடி எழுத்தூசி நகர்வதற்கு ஏறக்குறைய 10 மில்லிவிநாடி செல்லும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பு இல்லை. அத்தேடல் ஒரு மில்லிவிநாடியிலும் மிகக் குறைந்த நேரத்தில் முடியும். வன்தட்டோடு கூடிய பழைய கணினி வைத்திருப்போர் புதியது வாங்குவதா காத்திருப்பதா என்று வருந்துமுன், இம்மாற்றத்தைச் செய்து பார்த்தல் நன்று. வாங்குதலும் காத்திருத்தலும் அல்லாத மூன்றாவது வழி ஒன்றுண்டென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். விண்டோஸ் 11 ஏற்காத கணினியிலும் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவி, எழுதல், வாசித்தல், இணையம் பார்த்தல் ஆகியவற்றை இன்னுஞ் சில ஆண்டுகள் செய்தல் கூடும்.

இனி, செயலி உண்மையாகவே வேண்டப்படும் வேலைகளும் உள. காணொளி தொகுத்தல், முப்பரிமாண வரைபு, பெரிய கணிப்புக்கள், பெருநிரல்களைத் தொகுத்தல் ஆகியன அத்தகையன. பொறியியலும் கட்டடக் கலையும் பயில்வோர் இவற்றைக் கருதி வாங்குதல் வேண்டும். கலை, வணிகம், சட்டம் பயில்வோர்க்கு இடைத்தரச் செயலியே போதும். அவர் உயர்தரச் செயலிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம், பூட்டி வைத்த அறைக்கு வாடகை கொடுத்தலை ஒக்கும்.

வசதியை நிறுத்தல்

வசதிகளை ஆராயுங்கால் ஒரு வினாவை முன்வைத்துக் கொள்ளல் நன்று: பின்னர் மாற்றத்தக்கது எது, மாற்றத் தகாதது எது? மாற்றத்தக்கதிற் சிக்கனம் செய்யலாம். மாற்றத் தகாததிற் செய்யலாகாது.

ராம் எனப்படும் நினைவகம் முற்காலத்தில் கழற்றி மாட்டத்தக்கதாய் இருந்தது. இன்று மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டுள்ளது. பின்னர்க் கூட்டுதற்கு வழியில்லை. ஆதலால் அத்தகைய கணினியை வாங்கும் அன்றே வேண்டிய அளவு நினைவகத்தைப் பெற்றுவிடல் வேண்டும். 2024 ஒக்டோபரில் அப்பிள், மக்புக் எயரின் ஆரம்ப நினைவகத்தை விலையேற்றாமலே 8 ஜி.பி.யிலிருந்து 16 ஜி.பி. ஆக்கியது. நாலைந்து ஆண்டு பயன்படுத்த எண்ணுவோர் 16 ஜி.பி.யைக் குறைந்த அளவாகக் கொள்ளுதல் நன்று என்பதற்கு இஃது ஓர் அறிகுறி. நினைவகத்தைக் கழற்றி மாட்டக்கூடிய கணினியாயின் இப்பொழுது 8 ஜி.பி.யோடு வாங்கிப் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இதன் ராம் ஒட்டியதா, மாட்டியதா?" என்பதே.

திரையும் விசைப்பலகையும் மாற்றத் தகாதன என்றே கொள்ளல் வேண்டும். மாணவன் நாள்தோறும் பல மணி நேரம் பார்ப்பதும் தொடுவதும் அவ்விரண்டையுமே. மங்கிய திரை கண்ணை வருத்தும். கடையிலே நின்று ஒரு பந்தி தட்டெழுதிப் பார்த்து வாங்குதலில் வெட்கமொன்றும் இல்லை. புடைவை வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லையா?

பற்றரியைப் பற்றியும் ஒரு சொல். அதன் கொள்ளளவு வாற்று-மணி என்னும் அலகிற் குறிக்கப்படும். 50 வாற்று-மணிப் பற்றரியுடைய கணினி சராசரி 10 வாற்று உண்டால் 5 மணி நேரமும், 5 வாற்று உண்டால் 10 மணி நேரமும் இயங்கும். எனவே பற்றரியின் பருமனை மட்டும் பார்த்தல் போதாது; கணினி எவ்வளவு மின் உண்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். அண்மைக் காலத்துச் செயலிகளின் மெய்யான முன்னேற்றம் பெரும்பாலும் இங்கேதான் உளது. அன்றியும் லிதியம் பற்றரி பயன்படுத்தப் பயன்படுத்தத் தளரும் இயல்பினது. சில ஆண்டிற்குப் பின் அதை மாற்றவேண்டிவரும் என்பதை இப்பொழுதே எண்ணி, மாற்றுப் பற்றரி எம்மூரிற் கிடைக்குமா என்று விசாரித்தல் விவேகம்.

விலையை நிறுத்தல்

விலையை அட்டையிற் கண்டபடி எடுக்காது, பயன்படும் ஆண்டுகளாற் பிரித்துப் பார்த்தல் வேண்டும். 240,000 ரூபா கொடுத்து வாங்கிய கணினி 6 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 40,000 ரூபா. 150,000 ரூபாவிற்கு வாங்கியது 3 ஆண்டில் ஓய்ந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபா. மலிவானதே இங்கு விலை கூடியது. ஆனால் அம்மலிவான கணினி அவ்வேலைக்கு 5 ஆண்டு போதுமாயின் கணக்கு மாறிவிடும். ஆண்டுக்கு 30,000 ரூபாவே ஆகும். எனவே "எவ்வளவு காலத்திற்கு, எவ்வேலைக்கு?" என்பதைக் கேளாது விலையைப் பேசுதல் பொருந்தாது.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பது பொதுவிதி. அதற்கு விலக்குக்கள் உள. 2011 இல் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் அங்குள்ள வன்தட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடிக்க, உலகமெங்கும் வன்தட்டின் விலை ஏறிற்று. 2025 இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்படும் பெருங் கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பேரளவில் வாங்கியமையால், சாதாரண கணினிகளுக்குரிய நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது. மலிவுக்காகக் காத்திருந்தோர் அப்பொழுது கூடிய விலை கொடுத்தனர்.

எம் நாட்டவர்க்கு நாணய மாற்று என்னும் வேறொரு விலக்கும் உண்டு. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டிற்று. 600 டொலர் பெறுமதியான கணினி, வேறு வரிகளைச் சேர்க்காமலே, 120,000 ரூபாவிலிருந்து 216,000 ரூபாவாயிற்று. அமெரிக்காவில் அதன் விலை ஒரு சதமும் ஏறவில்லை. எம் கையிலிருந்த பணமே சுருங்கியது. சேமிப்பை ரூபாவில் வைத்துக்கொண்டு, டொலரில் விலையிடப்படும் பொருளுக்காக நெடுநாட் காத்திருத்தல், கரையும் மணலில் நின்று அலையை எண்ணுதல் போலாகும். பின்னர் ரூபா ஓரளவு தேறியதாயினும் பழைய நிலையை அடையவில்லை.

சிக்கனமாகக் காத்திருத்தற்கு ஒரு நல்வழி உண்டு. புதியதை வாங்குதற்காகவன்றி, புதியது வரும்போது விலை தாழும் முன்னையதை வாங்குதற்காகக் காத்திருத்தலே அது. 2020 இல் 999 டொலருக்கு வந்த எம்1 மக்புக் எயரை, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 699 டொலருக்கு விற்கத் தொடங்கிற்று. இலேசான வேலைக்கு அஃது அப்பொழுதும் தகுந்த கருவியே. ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய மாதிரியின் விலை குறையும்போது, அதற்கு மென்பொருள் ஆதரவு கிடைக்கக்கூடிய காலமும் கூடவே குறைந்து வருகின்றது. மூன்றரை ஆண்டு கழிந்த பொருளை வாங்குபவன் அதன் ஆயுளில் மூன்றரை ஆண்டைப் பிறருக்குக் கொடுத்துவிட்டே வாங்குகின்றான். விண்டோஸ் 10 இன் முடிவு எமக்குக் கற்பித்த பாடமும் இதுவே. விலை குறைந்த விகிதத்தையும் ஆயுள் குறைந்த விகிதத்தையும் ஒப்பிட்டே தீர்மானிக்க.

முடிபு

இவ்வளவும் கூறியதன் சாரம் இது. வரப்போகும் கணினி எது என்று ஆராய்தலிலும், செய்யப்போகும் வேலை எது என்று ஆராய்தலே முதன்மையானது. முன்னையதைப் பற்றி நாம் பெரும்பாலும் ஊகித்தல் மட்டுமே கூடும். பின்னையது எம் கையில் உள்ளது. வேலையை அறிந்தவன் எவ்வளவு வேகம் போதும் என்பதை அறிவான். எவ்வசதி இன்றியமையாதது என்பதை அறிவான். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் அறிவான். வேலையை அறியாதவனோ ஒவ்வோர் அறிவிப்பையும் கேட்டு மயங்கி, வாங்கினால் அவசரப்பட்டோமே என்றும், வாங்காவிடில் பிந்திவிட்டோமே என்றும் இருவகையாலும் வருந்துவான்.

எம்மைக் கேட்கும் பெற்றோர்க்கு நாம் கூறும் விடையும் அதுவே. முதலில் மகனையோ மகளையோ அழைத்து, பயிலப்போகும் துறைக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று அத்துறையில் முன்னே சென்ற மாணவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பழைய கணினியைச் சிறு செலவில் சீர்செய்தல் கூடுமா என்று பாருங்கள். கூடாதாயின், வேலை தொடங்குமுன் வாங்குங்கள். மாற்றத் தகாத உறுப்புக்களிற் குறைவு வையாது வாங்குங்கள். வாங்கிய பின் அடுத்த ஆண்டின் விளம்பரங்களைப் பார்த்து ஏங்காதிருங்கள். அடுத்த ஆண்டு சிறந்ததொன்று வரத்தான் செய்யும். அதற்குள் உங்கள் பிள்ளை, கையிலிருக்கும் கணினியால் ஓர் ஆண்டுக் கல்வியைப் பெற்றிருக்கும். அவ்வோர் ஆண்டை எந்தப் புதிய கணினியும் திருப்பித் தராது.

பொறுத்தார் பூமியாளட்டும், கஞ்சி ஆறுமுன் உண்ணவேண்டியவர் உண்ணட்டும். தம் நிலை எது என்று அறிந்து ஒழுகுவார்க்கு இரு பழமொழியும் துணையாம்.